வாளையாரில் திரும்பிய கொட்டகை

அத்தியாயம் ஆறு

"அண்ணா, டீயைக் கீழே வைங்கோ. அடுப்பைப் பாருங்கோ" என்றான் அப்பு.

"அடுப்பிலே என்னடா?"

"அடுப்பிலே ஒண்ணுமில்லை. காத்துக்கு மறைப்பா ஒரு தகடு நிக்கறதே, அதுலேயாக்கும் விசேஷம்."

காலை ஆறு மணி. வாளையார் செக்போஸ்ட்டுக்கு எதிரே லாரிகள் வரிசையாக நின்று இருமிக்கொண்டிருந்தன. சிமென்ட் தூசி மேல் தூறல் விழுந்து சாலை முழுக்க ஒரே சாம்பல் சேறு. அந்தச் சேற்றின் ஓரத்தில் இருந்தது சுவக்கீனின் டீக்கடை. துப்பறிவாளர் துரைசுவாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுப்பைப் பார்த்தார்.

முதல் ஐந்து அத்தியாயங்களைப் படிக்காமல் நேரே இங்கே ஏறியவர்களுக்கு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நல்ல சேதி எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

எழுபத்து நாலாம் வருஷம், ஜூன் மாத மழை. சித்திரபுரத்துக்கு மேலே ஆனைக்கல்மேடு எஸ்டேட்டில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த இரண்டு லயங்களை வாரிக்கொண்டு போயிற்று. எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரம் என்பதால் உயிர் பிழைத்தார்கள். ஆனால் இருபத்திரண்டு குடும்பத்துக்குத் தலைக்கு மேலே கூரை இல்லை. புது லயம் கட்டும்வரை தங்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, பட்டாளம் கழித்துப் போட்ட கித்தான் கூடாரம். இன்னொன்று, கோயமுத்தூர்ப் பட்டறை ஒன்று செய்து தரும் இரும்புக் கொட்டகை. தகடு தகடாகக் கழற்றி லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், நம்பர் பார்த்துப் போல்ட் முடுக்கினால் இரண்டு நாளில் நிற்கும். எஸ்டேட் ஆபீஸ் இரும்புக்கு ஆர்டர் கொடுத்தது. லாரியும் கிளம்பியது. எஸ்டேட்டுக்கு மட்டும் வரவில்லை.

அது வரும்வரைக்கும் என்று அடித்த கூடாரத்திலேயே ஒரு மாதம் ஓடிற்று. ஜூலைக் கடைசியில் ஒரு சாயங்காலம் அடித்த காற்றில் கூடாரம் சாய்ந்தது. நனைந்த கித்தானுக்கு அடியில் அகப்பட்ட எட்டு வயதுப் பூமாரியை வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை.

அவளுடைய அப்பா அழகுமலை, தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர். பஸ் மாறி மாறிக் கல்பாத்திக்கு வந்து துரைசுவாமியின் கூடத்தில் உட்கார்ந்தார். கொடுத்த காப்பியை இடது கையில் வாங்கி, டம்ளர் சூடு தாங்காதவர் போலக் கட்டைவிரலை மட்டும் தனியே நீட்டிக்கொண்டு குடித்தார். பிறகு சொன்னார்: "இரும்பு ஷெட்ட எவன் திருப்பினான்? பேரு மட்டும் சொல்லுங்கய்யா. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

அவர் சந்தேகப்பட்டது எஸ்டேட் ஸ்டோர் கிளார்க் மத்தியாஸை. மத்தியாஸ் இன்றைக்கு நாலு மணி பஸ்ஸில் லீவில் ஊருக்குப் போகிறார். அதற்குள் வேறு பெயர் வராவிட்டால் மத்தியாஸ் அந்த பஸ்ஸில் ஏறமாட்டார் என்று அழகுமலை சத்தம் போடாமல்தான் சொன்னார். அவர் இடுப்பில் சாக்குத் துணி சுற்றிய கவாத்துக் கத்தி இருந்ததை அப்பு பார்த்திருந்தான்.

போலீஸ் என்ன சொல்லிற்று? லாரி கேரளத்துக்குள் நுழைந்ததற்கு வாளையார் ரெஜிஸ்டரில் பதிவு இருக்கிறது, வழியில் எங்கேயோ களவு போய்விட்டது என்று எழுதி, ஃபைலைக் கட்டி அலமாரியில் தூங்கப் போட்டுவிட்டது.

இப்போது அடுப்புக்கு வருவோம்.

இடுப்பு உயரத்துக்கு ஒரு நெளிவுத் தகடு. நாலு ஓரத்திலும் ஒரே அளவு இடைவெளியில் போல்ட் துளைகள். புகைக்கரிக்கு நடுவே வெள்ளைப் பெயின்ட்டில் 14 என்ற எண்.

"டீக்கடை அடுப்புக்கு எவனாவது நம்பர் போடுவானோ?" என்றான் அப்பு. "இன்னும் பதிமூணு அடுப்பு எங்கே?"

துரைசுவாமி கடைக்காரரைக் கூப்பிட்டார். "இந்தத் தகடு எங்கேர்ந்து கிடைச்சுது?"

சுவக்கீன் தகட்டுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "எதுக்குங்க சாரே? தரமாட்டேன். இது வந்தப்புறந்தான் அடுப்பு ஒழுங்கா எரியுது."

"எனக்கு வேண்டாம். யார் குடுத்தான்னு சொன்னா போதும்."

"ஒரு லாரிக்காரனுங்க. ஜூன் கடைசியில ரெண்டு நாளு லோடோட இங்கதான் கெடந்தான். மலைக்குப் போற லோடு, மறையூர் ரோடு சரிஞ்சு கெடக்குன்னு இப்படிச் சுத்தி வந்தேன்னான். மூணாம் நாளு காலைல செக்போஸ்டுக்கு டிரங்கால் வந்துச்சு. லோடு வேண்டாம், திரும்புன்னு. அவன் தின்ன இட்லிக்கு இத எறக்கி வச்சுட்டுப் போனான்."

"கோயமுத்தூருக்கா?"

"இல்லீங்க. வேலந்தாவளத்துல எறக்கச் சொல்லிட்டாங்கன்னு அந்த ரோட்டுல ஏறினான்."

"போலீஸ் வந்து உம்மைக் கேக்கலையோ?"

"வந்தாங்க. டீ குடிச்சாங்க. ரெஜிஸ்டரப் பாத்தாங்க. போனாங்க."

"அடுப்பைப் பாத்திருந்தா நமக்குப் பொழைப்பு ஏது" என்றான் அப்பு.

துரைசுவாமி சிரிக்கவில்லை. இதுவரை ஐந்து அத்தியாயமாகத் திருடனைத் தேடியாயிற்று. இப்போது பார்த்தால் எதுவும் களவே போகவில்லை. யாரோ ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். திருடனைப் பிடிக்கலாம். வேண்டாம் என்று சொன்னவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

"வண்டியை எடுடா" என்றார்.

---

துரைசுவாமியின் லாண்ட்மாஸ்டர் கார் நாற்பது மைல் வேகத்துக்கு மேல் போனால் கதவு திறந்துகொள்ளும். அப்பு ஒரு கையால் ஸ்டியரிங்கையும் இன்னொரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு ஓட்டினான். கல்பாத்தியில் பிறந்து, பத்தொன்பது வயதில் சர்க்கஸ் கம்பெனியோடு ஓடிப்போய், பன்னிரண்டு வருஷம் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துவிட்டுத் திரும்பி வந்தவன். இப்போது வயது நாற்பத்து மூன்று. சிங்கத்துக்குப் பயந்ததில்லை என்பான், காற்றுக்குப் பயந்ததுண்டு என்பான்.

"கூடாரத்தைப் பத்தி எங்கிட்டே கேளுங்கோ அண்ணா. வெயில் காலத்திலே அது ராஜா. மழையிலே நனைஞ்சா கயிறு சுருங்கும். சுருங்கற கயிறு முளையை இழுக்கும். ஈர மண்ணு முளையைப் பிடிக்குமோ? அதனாலே மழை வரதுக்கு முன்னாடியே கயித்தைக் கொஞ்சம் தளர்த்தணும். தெரியாதவா என்ன பண்ணுவான்னா, காத்தைக் கண்டு பயந்து இன்னும் இறுக்கிக் கட்டுவா."

"அந்தக் கூடாரம்?"

"நான் போய்ப் பாத்தேனே. தேயிலைச் சாக்குக் கட்டறாப்பலே அத்தனை கயித்தையும் இறுக்கிக் கட்டியிருந்தா. அவாளுக்குத் தெரிஞ்ச கட்டு அதுதானே. சொல்லிக் குடுக்க ஒருத்தரும் இல்லை." வளைவில் கதவை இழுத்துப் பிடித்தான். "மலைச்சரிவிலே, ஜூன்லே பிடிக்கற இடவப்பாதி மழையிலே கூடாரம் அடிக்கறவனை எங்க சர்க்கஸ் மேனேஜர் யானைக்குக் கீழே படுக்கப் போட்டிருப்பார்."

வேலந்தாவளம் சந்தை மறுநாள்தான். ஆனாலும் மாடுகள் முந்தின நாளே வந்து சேர்ந்துவிட்டன. இவர்கள் இறங்கும்போது மழை வலுத்துவிட்டது. தரகர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மாடுகள் ஓடவில்லை. ஓட வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை.

சந்தை மைதானத்தின் மேற்கு ஓரத்தில் நீளமாக ஒரு கொட்டகை நின்றது. நெளிவுத் தகட்டுச் சுவர், நெளிவுத் தகட்டுக் கூரை, அடியில் சிமென்ட் கட்டையில் இறுக்கிய இரும்புத் தூண். மழை கூரையில் தடதடவென்று விழுந்து ஓரமாக வழிந்தது. உள்ளே முப்பது மாடுகள் காய்ந்த வைக்கோலில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன.

அப்பு சுவரோரம் நடந்தான். வாய்விட்டு எண்ணினான். "பதினொண்ணு. பன்னெண்டு. பதிமூணு. கோணிச்சாக்கு. பதினஞ்சு."

பதினாலாம் தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோணியைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த ஒரு இடத்தில்தான் சாரல் அடித்தது.

அப்பு தூணைப் பிடித்து உலுக்கினான். முழுப் பலத்தோடு இன்னொரு முறை உலுக்கினான். தகடு ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஏனுங்க சாமி, மாடு பாக்கவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் ஒருவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குடை. குப்பண்ணன், மாட்டுத் தரகர், கொட்டகைக்குச் சொந்தக்காரர்.

"கொட்டகை பாக்க வந்தோம்" என்றார் துரைசுவாமி. "இது எங்கே வாங்கினேள்?"

குப்பண்ணனின் முகம் மாறிற்று. குடையை மடக்கினார். "களவுச் சரக்கில்லீங்க சாமி. ஒருக்கா ஒரு களவு மாட்டத் தெரியாம வாங்கிப் போட்டு, மூணு நாளு டேசன்ல உக்காந்தவனுங்க நானு. அன்னைலருந்து சீட்டு இல்லாம ஒரு கன்னுக்குட்டி கூட வாங்கறதில்லீங்க. விக்கறவன் யாரு, எங்கிருந்து வந்துச்சு, ஏன் விக்கறான், அல்லாம் எழுத்துல வேணும்னு கேப்பனுங்க."

"இதுக்கும் கேட்டேளா?"

"கேக்காம இருப்பனுங்களா? பட்டறைக்காரரு லோடு வேண்டாம்னுட்டாங்க, நீங்க எடுத்துக்கறீங்களான்னாரு. ஏன் வேண்டாம்னாங்க, அத எழுத்துல குடுங்கன்னேன். அவுங்களுக்கு வந்த காயிதத்தையே தூக்கிக் குடுத்துட்டாரு. ஊட்டுல வச்சா எலி கடிக்குதுன்னு இங்கயே வச்சுருக்கறனுங்க."

மாட்டுக்குத் தாம்புக்கயிறு வைக்கும் தகரப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தார்.

மேலே இருந்தது எஸ்டேட் ஆபீஸ் கடிதம். டைப் அடித்தது. துரைசுவாமி கடைசி வரியிலிருந்து ஆரம்பித்தார், அவர் எந்தக் கடிதத்தையும் அப்படித்தான் படிப்பார். மேனேஜருக்காக, மத்தியாஸ் என்று கையெழுத்து.

"முடிஞ்சுது" என்றான் அப்பு. "மத்தியாஸ்தான். அந்த மனுஷர் சொன்னது சரியாப் போச்சு. அண்ணா, நாம ஒரு பாடு பெட்ரோலை வீணாக்கிட்டோம்."

"மேலே என்ன எழுதியிருக்குன்னு படி."

அப்பு படித்தான். தொழிலாளர்களே இரும்புக் கொட்டகையை எழுத்து மூலம் மறுத்துவிட்டபடியால், மேனேஜர் உத்தரவுப்படி ஆர்டர் ரத்து செய்யப்படுகிறது. ஆதாரமாகத் தொழிலாளர் மனு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

"தொழிலாளர்களேயா?"

பின்னால் இருந்த தாள் நாலாக மடித்தது, ரூல் போட்ட நோட்டில் கிழித்தது. யாரோ பள்ளிக்கூடம் போனவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுத்து நன்றாகவே இருந்தது.

'ஐயா, எங்களுக்கு இரும்பு ஷெட் வேண்டாம். இரும்பு ஷெட் போட்டால் கம்பெனி எங்களுக்கு லயம் கட்டாது. பெரிய வெள்ளத்தின்போது ஆறு மாசத்துக்கு என்று போட்ட தகர ஷெட்டில் பதின்மூன்று வருஷமாக ஆள் குடியிருக்கிறது. எங்களுக்கு இப்போது அடித்திருக்கும் துணிக் கூடாரமே போதும். துணி கிழிவதற்குள் லயம் கட்டித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.'

அதற்குக் கீழே எழுத்து இல்லை. கைரேகைகள். வரிசையாக இல்லாமல் ஒரு பெரிய வட்டமாக, கடிகாரத்தின் எண்கள் போல, நாற்பத்து நாலு கட்டைவிரல்கள். இருபத்திரண்டு குடும்பத்தின் ஆணும் பெண்ணும்.

"இதென்னண்ணா, ரங்கோலி?"

"எஸ்டேட் வழக்கம்டா. மனுவிலே முதல் ரேகை யாருதோ, அவனைத்தான் முதல்லே வேலையை விட்டு அனுப்புவா. வட்டமா வெச்சா முதல் எது, கடைசி எதுன்னு யாருக்குத் தெரியும்?"

"புத்திசாலிகள்."

"ரொம்ப." துரைசுவாமியின் குரல் தாழ்ந்திருந்தது. "அவா சொன்னது நியாயமாக்கும் அப்பு. இரும்பு நிக்கும். நிக்கறதை எடுத்துட்டு எவனும் வீடு கட்டித் தரமாட்டான். துணி கிழியும், கிழிஞ்சா கட்டித்தான் ஆகணும்னு கணக்குப் போட்டா. கேட்டது ரெண்டு. ஷெட் வேண்டாம், வீடு வேணும். ஆபீஸிலே முதல் பாதியை மட்டும் படிச்சுட்டு, கேட்டதைக் குடுத்துட்டோம்னு கையைத் தட்டிண்டுட்டா."

"அப்போ மேனேஜர் மேலே கேஸ் போடலாமே?"

"என்னன்னு போடறது? வேண்டாம்னு நாற்பத்து நாலு பேர் ரேகை வெச்சிருக்கா."

சொல்லிக்கொண்டே அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். அவருடைய தொழில் புத்தி துக்கத்திலும் சும்மா இருக்காது. மைப்பெட்டியில் ஒரே ஒரு முறைதான் மை ஊற்றியிருக்கிறார்கள். விரல் மாற மாற மை வெளுத்துக்கொண்டே போய், வட்டத்தின் முடிவில் ரேகை வெறும் நிழலாக இருந்தது. அந்த நிழலுக்கு அடுத்தது, அப்பிக் கிடக்கும் கறுப்பில் ஒரு பெரிய ரேகை. வட்டம் எங்கே ஆரம்பித்தது என்று மை சொல்லிவிட்டது. அந்த முதல் ரேகையின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு ஓடிற்று. பழைய வெட்டு. வலது கையில் கத்தி, இடது கையில் கிளை பிடித்து வருஷக்கணக்காகச் செடி வெட்டுகிறவனுக்கு வரும் வெட்டு.

துரைசுவாமி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "குப்பண்ணரே, இதை ரெண்டு நாள் கடன் தரணும்."

"கொண்டுட்டுப் போயிட்டு மறக்காம தந்துருங்க சாமி. அது இல்லாட்டி என்ற கொட்டகை களவுச் சரக்காயிருமுங்க." குப்பண்ணன் தயங்கினார். "யாரு ஊட்டுக்குன்னு வந்த கொட்டகைங்க இது?"

ஒரு பசு எழுந்து, இடம் மாறி, மறுபடி படுத்துக்கொண்டது.

---

பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர். மூணாறு தாண்டி இறக்கத்தில் திரும்பும்போது துரைசுவாமி கேட்டார்.

"அழகுமலை அன்னிக்கு நம்மாத்திலே காப்பி குடிச்சாரே, டம்ளரை எந்தக் கையிலே பிடிச்சார்?"

"இடது கை. கட்டைவிரலை நீட்டிண்டு... அதிலே குறுக்கே ஒரு வெட்டு..." அப்பு பிரேக்கை மிதித்தான். கதவு திறந்துகொண்டது. அதை மூடக்கூட அவன் கை வரவில்லை. "அண்ணா. வேண்டாம்."

"கண்ணை மூடிண்டா ரேகை மாறுமோ?"

"எதுக்குச் சொல்லணும்? லாரி ஆத்திலே விழுந்துட்டுதுன்னு சொல்லுவோம். டிரைவர் குடிச்சுட்டு ஓடிட்டான்னு சொல்லுவோம். நான் சொல்றேன், எனக்குப் பொய் சொல்லி நல்ல பழக்கம்."

"மத்தியாஸ்?"

"மத்தியாஸ் இல்லைன்னு மட்டும் சொல்லுவோம்."

"பின்னே யாருன்னு கேப்பாரே."

அப்பு கதவை இழுத்துச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தான். இருபத்தாறு வருஷத் தொழிலில் கண்டுபிடித்ததற்காக வருத்தப்பட்டது இதுதான் முதல் தடவை என்று துரைசுவாமி தன் டைரியில் எழுதவில்லை. எழுதாமலே நினைவிருக்கும்.

சித்திரபுரம் பஸ் நிறுத்தத்தில் மணி மூன்றே முக்கால். மின்சார போர்டு குடியிருப்புகளின் ஓட்டுக்கூரைகள் மேகத்துக்குள் பாதி மறைந்து கிடந்தன. மத்தியாஸ் ஒரு டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், மழைக்குக் காதைச் சுற்றி மப்ளர். தனக்கு இருபது அடி தூரத்தில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

இருபது அடி தூரத்தில், சாலைக்கு அடியில் ஓடை போகும் கலுங்குச் சுவர் மேல், அழகுமலை உட்கார்ந்திருந்தார். மடியில் சாக்குத் துணி. வலது கை அதற்குள்ளே.

துரைசுவாமி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பு மத்தியாஸுக்கும் இவர்களுக்கும் நடுவில் போய் நின்று பீடி பற்றவைத்தான். அவன் பீடி குடிப்பதில்லை.

"வந்துட்டீகளாய்யா" என்றார் அழகுமலை. கண் மத்தியாஸை விட்டு அகலவில்லை. "பேரு கெடச்சுதா?"

"மத்தியாஸ் இல்லே."

"ஸ்டோர் காயிதம் எல்லாம் அவரு கையெழுத்துலதான போகுது."

"மேனேஜர் சொன்னார், அவர் போட்டார். வேற ஒண்ணுமில்லே."

"அப்பம் மேனேஜரு."

"மேனேஜருக்கு ஒரு காகிதம் வந்துது. அதைக் காமிச்சு அவர் தப்பிச்சுண்டுட்டார். கோர்ட்டுக்குப் போனாலும் நிக்காது."

"என்ன காயிதம்?"

கீழே வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. துரைசுவாமி சட்டைப்பையில் கை வைத்தார். தாளை வெளியே எடுத்தார். நாலு மடிப்பில் இரண்டைத்தான் பிரித்தார். அதற்கு மேல் பிரிக்க மனசு வரவில்லை.

அழகுமலை அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் மெல்ல மடக்கி, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"பிரிக்க வேணாம்யா. மொத ரேகை நாந்தான் வச்சேன்."

துரைசுவாமி தாளை மறுபடி மடித்தார்.

"மீட்டிங் போட்டதும் நாந்தான். இரும்பு வந்துட்டா நம்ம காலம் அதுக்குள்ளயே முடிஞ்சுரும், துணிதான் நல்லது, துணி கிழியணும், அப்பத்தான் வீடு வரும்னு நாந்தான் சொன்னேன். எல்லாரும் யோசிச்சாக. நான் மொதல்ல வச்சதும் பொறகு வச்சாக."

"தெரிஞ்சுமா எங்கிட்டே வந்தேள்?"

"மனு போனது தெரியும். அதுனாலதான் லாரி திரும்புச்சுன்னு நிச்சயமாத் தெரியாது. வேற எவனாவது இருப்பான்னு நெனச்சேன்யா. வித்துத் தின்னுருப்பான், களவாண்டுருப்பான்னு. நீங்க மத்தியாசுன்னு சொல்லிருந்தீகன்னா இன்னேரம் முடிச்சிருப்பேன். ஜெயிலுக்குப் போயிருப்பேன். அது லேசா இருந்திருக்கும்."

பஸ் வந்து நின்றது. மத்தியாஸ் பேப்பரை மடித்தார், பெட்டியைத் தூக்க முடியாமல் தடுமாறினார். அப்பு ஓடிப்போய்த் தூக்கிக் கொடுத்தான். மத்தியாஸ் நன்றி சொல்லிவிட்டு ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் அழகுமலையைக் கண்டுகொண்டு, துக்கம் விசாரிக்கிற மாதிரித் தலையை அசைத்தார். அழகுமலையும் தலையை அசைத்தார். பஸ் போய்விட்டது.

"கத்தியை எங்கிட்டே குடுங்கோ" என்றார் துரைசுவாமி.

"இல்லய்யா. நாளைக்கு ஏழாம் நம்பர் காட்டுல கவாத்து இருக்கு. வேணும்." அவர் எழுந்தார். "உங்ககிட்ட என்னய அனுப்புனது எம் பொஞ்சாதி சின்னத்தாய்தான். ஷெட்ட எவன் திருப்பினான்னு கேட்டு வராம வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்காதன்னுட்டா. பதினோரு நாளா வெளியதான் படுக்கேன்."

"நான் வந்து சொல்லட்டுமா? காத்து, மழை, கம்பெனி. எதையாவது சொல்றேன்."

"அவளுக்குப் பேரு வேணும்."

மூவரும் மேட்டில் ஏறினார்கள். அங்கே கூடாரங்கள் நின்றன. விழுந்ததையும் மறுபடி அடித்திருந்தார்கள், அதே இடத்தில், அதே முளைகளோடு. வேறு இடம் இல்லை. கித்தான் முழுக்கப் பச்சையாகப் பூஞ்சணம். இன்னும் எங்கேயும் கிழியவில்லை. புது லயத்துக்கு ஒரு கல்கூட வந்து இறங்கவில்லை.

சின்னத்தாய் கூடாரத்து வாசலில் நின்றாள். துரைசுவாமியைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுது முடித்த கண்.

"யாருன்னு தெரிஞ்சுதாய்யா?"

எந்தக் கேள்விக்கும் விடை இல்லாமல் வீடு திரும்பியதில்லை என்று கல்பாத்தியில் பெயர் வாங்கிய துரைசுவாமி, கீழே சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழகுமலை அவளுக்கு முன்னால் போனார். இடது கையை நீட்டி, மடக்கியிருந்த விரலைப் பிரித்தார். கட்டைவிரலை அவளுக்குக் காட்டினார். மனுவில் முதலாவதாக மை தொட்ட விரல், குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு.

சின்னத்தாய் முதலில் கோபமாகத்தான் பார்த்தாள். புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் கத்துவாள், அடிப்பாள் என்று அப்பு ஒரு எட்டு முன்னால் வைத்தான். அவள் கத்தவில்லை. தன் இடது கையைத் தூக்கி, கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். வட்டத்தில் அவருக்கு அடுத்த ரேகை அவளுடையது. அவர் விரலைப் பிடித்து வைத்துவிடவில்லை. அவளாகத்தான் வைத்தாள்.

கூடாரத் துணியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாங்க, மழை வருது" என்றாள் புருஷனிடம்.

இருவரும் உள்ளே போனார்கள். துணி கீழே விழுந்தது.

துரைசுவாமி காருக்குத் திரும்ப நடந்தார். பாதி வழியில் அப்பு பின்னால் வரவில்லை என்று தெரிந்து திரும்பிப் பார்த்தார். அவன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முளையாகக் குனிந்து கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு கூடாரம். ஒன்றுக்கு எட்டுக் கயிறு. மூன்றாவது கூடாரத்துக்கு வரும்போதே மழை வந்துவிட்டது.